நோன்பு வீட்டில் ஊசி போடும் பிள்ளை

நம் வீடுகளில் சர்க்கரை நோய் என்றால் பாட்டனாருக்கும் வாப்பாவுக்கும் வருகின்ற நோய் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். பால்குடி மறந்த பருவத்திலும், மத்ரஸாவில் அலிஃப் பா ஓதும் வயதிலும் வருகின்ற சர்க்கரை நோய் ஒன்று உண்டு. முதல் வகை நீரிழிவு என்று மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் உண்டாவது அது. இனிப்புத் தின்றதால் வந்ததன்று. தாய் தந்தையரின் கவனக்குறைவால் வந்ததுமன்று. 1922ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் பிழைப்பது அரிதாக இருந்தது. இன்றோ அல்லாஹ்வின் அருளால், ஊசியின் துணைகொண்டு அவர்கள் படிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள், மணமுடித்துப் பிள்ளை பெறுகிறார்கள்.

உடலுக்கு மருந்து இருக்கிறது. அப்பிள்ளையின் மனத்துக்கு? கொரோனா கொள்ளைநோய்க் காலம் இக்கேள்வியை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 25ஆம் தேதி, தமிழகத்தில் முதல் நோன்பு. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன, தராவீஹ் வீட்டில், பள்ளியில் கஞ்சி காய்ச்சவில்லை. மற்ற ஆண்டுகளில், அஸர் தொழுகைக்குப் பின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்க ஓடுவது, நோன்பு நோற்காத பிள்ளைக்கும் நோன்பில் ஒரு பங்காக இருந்தது. அந்த ஆண்டு அதுவும் இல்லை. வீட்டிலிருந்த அனைவரும் நோன்பு. ஊசி போட்ட பிள்ளை மட்டும் நடுப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும், தனியே தட்டுப் போட்டு உண்ண வேண்டும். அந்தச் சோறு அதன் தொண்டையில் எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

போதாக்குறைக்கு, சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கொரோனா எளிதில் கொல்லும் என்று தொலைக்காட்சி நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. அது பெரும்பாலும் முதியோரைக் குறித்த செய்தி என்பதும், பிள்ளைகளுக்கு அந்நோய் பெரும்பாலும் இலேசாகவே வந்து போனது என்பதும் அந்தச் சிறு நெஞ்சத்துக்கு எப்படித் தெரியும்? மருந்துக் கடையில் இன்சுலின் தீர்ந்துவிடுமோ என்று பெரியவர்கள் அடுக்களையில் மெல்லப் பேசியதும் அதன் காதில் விழாமலிருந்திராது.

அச்சம் பெரியவர்களையும் தடுமாற வைத்தது. ஜெர்மனியில் 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை புதிதாக இந்நோய் கண்ட 532 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர், இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தான நிலையில் தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு அது நூற்றுக்கு 25க்கும் குறைவு. மருத்துவமனைக்குப் போகப் பயந்து நாள் கடத்தியதும் இதற்குக் காரணமாயிருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

இங்கே நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. விளையாட ஒரு குருவி வைத்திருந்தார், அது இறந்துவிட்டது. அவர் வாடியிருக்கக் கண்ட நபியவர்கள், ஒரு குருவிதானே என்று ஒதுக்கிவிடவில்லை. அவரை அழைத்து, அந்தக் குருவியைப் பற்றி அவரிடமே விசாரித்தார்கள். நாமோ, "சுகர் எவ்வளவு?" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கிறோம், "மனசு எப்படி இருக்கிறது, வாப்பா?" என்று ஒரு முறை கேட்பதில்லை. ஸப்ர் செய் என்று சொல்வதற்கு முன், எதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று கேட்டறிய வேண்டாமா?

கேட்டால் பிள்ளை சொல்லும். தான் செய்த ஏதோ பாவத்துக்குத் தண்டனையாக இது வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. அய்யூப் (அலை) அவர்கள் நெடுநாள் நோயுற்றிருந்த வரலாற்றைச் சொல்லி, நோய் வெறுப்பின் அடையாளமன்று என்பதைத் தெளிவாக்குங்கள். கருவி காட்டும் எண்ணைப் பரீட்சை மதிப்பெண் போல ஆக்காதீர்கள். 300 என்று வந்தால் ஏசுவோம் என்று தெரிந்த பிள்ளை, நோட்டில் 150 என்று எழுதப் பழகிக்கொள்ளும். அன்றியும், கவலையே சர்க்கரையை ஏற்றக்கூடியது.

தாய்மார்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிள்ளை காரணமின்றி எரிந்து விழுந்தாலோ அழுதாலோ, அடம் என்று அடிக்கப் போகாமல் முதலில் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான் நடக்கும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை (சிறு பிள்ளைக்கு இன்னும் குறைவாக) நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சர்க்கரை சரியாயிருந்தும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, ஊசியை ஒளிக்கிறது, சாக வேண்டும் என்று பேசுகிறது என்றால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி, வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

இனி நோன்பு. பருவமடையாத பிள்ளைக்கு அது கடமையே இல்லை. பருவமடைந்தபின் நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது: பின்னர் இயன்றால் களா, இயலாத நிலை நீடித்தால் ஃபித்யா. சலுகையை ஏற்பதும் அல்லாஹ்வுக்குக் கீழ்ப்படிவதே என்று, பிள்ளையின் காதில் விழும்படி, வாப்பாவே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அண்ணனுக்குப் போட்டியாக ஊசியையும் உணவையும் மறைத்து நோன்பு நோற்கும்; அது உயிரோடு விளையாடுவது. வளர்ந்த பிள்ளை நோற்றே தீருவேன் என்றால், மருத்துவரையும் ஆலிமையும் கலந்துகொள்ளுங்கள். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்கு ஐந்து நிமிடமே இருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும்.

நோற்காத பிள்ளைக்கும் வீட்டில் ஒரு பொறுப்புக் கொடுங்கள். ஸஹருக்கு எழுப்புவது, பேரீச்சம்பழத்தை எண்ணித் தட்டில் வைப்பது, ஊரடங்கு இல்லாத ஆண்டுகளில் அந்தத் தூக்குவாளி. கஞ்சியும் அரிசிதான், ஒரு கோப்பைக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், மஃரிபு நேரத்தில் அப்பிள்ளையின் கோப்பையையும் மற்றவர்களுடையதோடு அதே விரிப்பில் வைக்கலாம்.