வாய்க்கு வராத இலக்கணம்

“கிராமர் எல்லாம் தெரியும் சார், பேசத்தான் வரமாட்டேங்குது.” ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் யாரும் இந்தக் குறையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. இலக்கணம் ஒரு பாடம், பேச்சு இன்னொரு பாடம் என்று நாம் பிரித்து வைத்திருப்பதால் வந்த குறை இது. அந்தப் பிரிவினையைத் தாங்கி நிற்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: இலக்கணத்தை முதலில் முடித்துவிட வேண்டும், பேச்சு அப்புறம்.

உண்மை: ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு எஸ் சேர்க்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கோடிட்ட இடத்தில் சரியாக நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கிவிடும். அதே பிள்ளை பட்டம் வாங்கி, நேர்முகத் தேர்வில் அப்பாவைப் பற்றிக் கேட்டால் ‘மை ஃபாதர் ஒர்க் இன் எ பேங்க்’ என்று சொல்கிறது. விதி மறந்துபோகவில்லை. எழுதும்போது நின்று யோசிக்க நேரம் கிடைத்தது, பேசும்போது கிடைக்கவில்லை. தெரிந்த விதியைப் பேச்சின் வேகத்துக்குள் கொண்டுவருவது தனிப் பழக்கம். அது பேசினால்தான் வரும்.

இந்த எஸ் நமக்குப் புதிய கருத்தும் அல்ல. போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்துப் பேசுகிறவர்கள் நாம். ஆனால் ஆங்கிலத்தில் அந்த எஸ் விழுந்துபோனாலும் கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடுகிறது. அதனால் பேசுபவரின் கவனம் அதன்மேல் நிற்பதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்குக்கூட இது பிந்தித்தான் வருகிறது. மூன்று குழந்தைகளின் பேச்சை நெடுநாள் பதிவுசெய்து ஆராய்ந்த ரோஜர் பிரவுன், 1973-இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டினார். ‘ஈட்டிங்’, ‘கோயிங்’ என்பதில் வரும் இங் முதலில் படிகிறது. இந்த எஸ் வெகு பின்னால் வந்து சேர்கிறது. ஆகவே அதை விடுகிற மாணவரை அக்கறையற்றவர் என்று ஆசிரியர் திட்டுவது நியாயமில்லை.

இன்னொரு காரணம் காதில் இருக்கிறது. இந்த எஸ்ஸுக்கு மூன்று ஒலி உண்டு. ‘ஒர்க்ஸ்’ என்பதில் வெறும் காற்று. ‘கோஸ்’ என்பதில் தொண்டை அதிர்கிறது. ‘வாட்சஸ்’ என்பதில் தனி அசையே சேர்கிறது. இறந்தகாலத்து ஈடியும் அப்படித்தான்: ‘வாக்ட்’, ‘ப்ளேய்ட்’, ‘வான்டெட்’. நம் வகுப்புகளில் எல்லாவற்றையும் எழுத்தைப் பார்த்து ‘வாக்கெட்’, ‘ஸ்டாப்பெட்’ என்றே படிக்கிறோம். காதில் விழாத விகுதி வாயில் எப்படி வரும்? தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்த்துப் பழகுவது உச்சரிப்புப் பாடம் மட்டுமல்ல, இலக்கணப் பாடமும்தான்.

அதன் பிறகு பேச்சு. இருவர் இருவராக உட்காரவைத்து, இருவருக்கும் தெரிந்த ஒரு ஆளின் அன்றாடத்தைப் பெயர் சொல்லாமல் விவரிக்கச் சொல்லுங்கள். ‘ஹி கெட்ஸ் அப் அட் ஃபோர். ஹி பாய்ல்ஸ் மில்க். ஹி நோஸ் எவ்ரிபடி இன் அவர் ஸ்ட்ரீட்.’ மூன்றாவது வாக்கியத்தில் எதிரில் இருப்பவர் டீக்கடைக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார். இந்த விளையாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எஸ் தேவைப்படுகிறது. நல்ல பேச்சுப் பயிற்சிக்கு அடையாளம் அதுதான்: பழக வேண்டிய இலக்கணத்தைத் தவிர்க்க முடியாதபடி அமைந்திருக்கும்.

நம்பிக்கை: இலக்கணமே வேண்டாம், பேசிக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும்.

உண்மை: இதற்குக் கனடாவில் நல்ல பாடம் கிடைத்தது. மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் 1965-இல், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தத் தொடங்கினார்கள். முறை நாடெங்கும் பரவியது. குழந்தைகள் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், தயங்காமல் பேசினார்கள். ஆனால் ஆண்டுகள் பல கழிந்தும் வினையின் காலத்திலும் பெயர்ச்சொல்லின் பாலிலும் தவறுகள் அப்படியே நின்றன. சரியாகச் சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்குதல் இல்லாவிட்டால் இலக்கணம் படியாது என்று மெரில் ஸ்வெய்ன் 1985-இல் எழுதினார். ஜான் நோரிஸ், லூர்தெஸ் ஒர்ட்டேகா இருவரும் 2000-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், விதியை வெளிப்படையாகக் காட்டும் கற்பித்தலே கூடுதல் பலன் தந்திருந்தது.

நம் பக்கத்திலிருந்து ஒரு சான்றைத் தவறாகக் காட்டுகிறவர்கள் உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம் அது. சென்னையிலும் கடலூரிலும்கூடப் பள்ளிகள் அதில் இருந்தன. அங்கே இலக்கணப் பாடம் நடத்தவில்லை என்பது சரி. ஆனால் அரட்டையும் நடக்கவில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்காமல் விடை சொல்ல முடியாது. இன்று பல ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்புகளில் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்பதற்கு மனப்பாடப் பதிலை ஒப்பிக்கவைப்பதை இதோடு சேர்த்துப் பேசவே கூடாது.

நம்பிக்கை: தவறைக் கேட்டவுடன் சரியானதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

உண்மை: ராய் லிஸ்டர், லீலா ரான்டா இருவரும் கனடா வகுப்பறைகளைப் பதிவுசெய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நம் வகுப்பை வைத்துச் சொன்னால், மாணவர் ‘எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்’ என்கிறார். ஆசிரியர், “ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்” என்கிறார். மாணவர் “எஸ்” என்று தலையாட்டி மேலே போய்விடுகிறார். திருத்தப்பட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆய்வில் ஆசிரியர்கள் மிக அதிகமாகச் செய்ததும் இதுதான், மாணவரை மிகக் குறைவாகப் பதில் பேசவைத்ததும் இதுதான். அதற்குப் பதில், “எஸ்டர்டே ஐ...?” என்று நிறுத்திக் காத்திருந்தால், “வென்ட்” என்று அவர் வாயிலிருந்தே வரும். அந்த இரண்டு விநாடிப் பொறுமைதான் ஆசிரியருக்குக் கடினம். எல்லாத் தவறையும் பிடிக்கவும் வேண்டாம்; அன்றைக்குப் பழகும் ஒன்றை மட்டும் பிடித்தால் போதும்.

நம்பிக்கை: வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் கெடும்.

உண்மை: ஆங்கிலத்தின் ‘எ’, ‘த’ இரண்டும் நமக்குப் பெரும் தலைவலி. தமிழில் அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறோம். ஆனால் ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் வேறுபாடு எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவதில், எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கும் தெரிந்திருக்கிறது. ‘த’ வருவது பெரும்பாலும் அங்கேதான். அஃறிணைச் செயப்படுபொருளுக்கு மட்டுமே இது உதவும் என்றாலும் பிடி கிடைத்துவிடுகிறது.

பிடி கிடைத்ததும் பேசவைக்க வேண்டும். ஒருவர் ஒரு அறையை விவரிக்கட்டும், மற்றவர் கேட்டபடியே வரையட்டும். ‘தேர் இஸ் எ டேபிள். ஆன் த டேபிள் தேர் இஸ் எ லேம்ப்.’ இரண்டாம் முறை ‘ஆன் எ டேபிள்’ என்று வாய் தவறினால், வரைபவர் இன்னொரு மேசையைப் போட வேண்டும், அதுதான் விதிமுறை. ஒரு சிறு சொல் படத்தையே மாற்றிவிடுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை எளிதில் மறக்காது.

தமிழை ஒதுக்கினால் தவறின் காரணமும் தெரியாமல் போகும். ‘நேற்று வந்திருக்கிறார்’ என்பது நம் பேச்சில் சரி. ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ தவறு. ‘நீங்க வரலையா?’ என்றால் ‘ஆமா, வரலை’ என்போம். ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்று சொல்லிவிட்டால் வருகிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். இவற்றைத் தமிழில் இரண்டு நிமிடம் விளக்கிவிட்டு, தொலைபேசி உரையாடலாக ஆங்கிலத்தில் பேசவைக்கலாம். தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் தங்கள் கையிலிருக்கும் நல்ல கருவியைத்தான் தூக்கி எறிகின்றன.

நம்பிக்கை: நாற்பது பேர் வகுப்பில் பேச்சுப் பயிற்சி நடக்காது.

உண்மை: ஒவ்வொருவராக எழுப்பினால் நடக்காது, நாற்பத்தைந்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் தேறும். இருவர் இருவராகப் பிரித்தால் எந்த நேரத்திலும் இருபது பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். கீத் மாரிஸ் 1983-இல் எழுதிய ஒரு முறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: ஒரே செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்வது. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் ஒரே ஒரு தவறைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். இல்லையென்றால் அதே தவறு மூன்று முறை பேசப்பட்டு உறுதிப்பட்டுவிடும்.

வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கில வகுப்பிலிருந்து சத்தம் கேட்டால் அடக்கச் சொல்லாதீர்கள். உள்ளே போய்ப் பின்வரிசையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.