சீனக் கல்வி ரொறன்ரோவுக்கு வந்த வழி

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகள் இவ்வாண்டு சீன நாகரிகத்தையும் தற்காலச் சீன சமுதாயத்தையும் பற்றிய அறிமுகப் பாடம் ஒன்றை எடுத்திருக்கிறாள். இக்கல்வி ரொறன்ரோவில் எவரால் தொடங்கிற்று? நமக்கும் இதற்கும் சம்பந்தம் ஏதாவது உண்டா?

— வாசகி, மோர்னிங்சைட், ஸ்காபரோ

பதில்: ஒரு சாஸ்திரம் பெரும்பாலும் ஓர் ஆசிரியரோடு ஊருக்குள் வரும், ரொறன்ரோவிலோ சீனக் கல்வி பெட்டிகளில் வந்து இறங்கிற்று. ஹொனான் மாகாணத்தில் ஆங்கிலிக்கன் சபையின் பிஷப்பாயிருந்த வில்லியம் சார்ள்ஸ் வைட், 1924 முதல் 1934 வரை, லோயாங் முதலிய இடங்களின் புராதனக் கல்லறைகளிலிருந்து வெளிப்பட்ட வெண்கலக் கலங்களையும் சிற்பங்களையும் வாங்கி, இங்குள்ள ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார். மூ என்னும் பீக்கிங் பண்டிதர் விட்டுச்சென்ற, சுமார் 40,000 ஏடுகள் கொண்ட நூலகமும் அவருடைய முயற்சியினாலேயே விலைக்கு வாங்கப்பட்டு 1935இல் இந்நகரை அடைந்தது. ஊர் திரும்பிய பிஷப், அருங்காட்சியகத்தின் கீழைத்தேயச் சேகரத்துக்குப் பொறுப்பாளராகவும் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

இதே காலத்தில் கனடாவின் சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்ததையும் மாணவி அறிந்திருத்தல் வேண்டும். சீனர்மீது 1885இல் விதித்த தலைவரி 1903இல் 500 டொலராக உயர்ந்தது. 1923இல் இயற்றப்பட்ட சட்டமோ சீனர் குடியேற்றத்தையே ஏறக்குறைய முழுதும் தடுத்து 1947 வரை அமுலில் இருந்தது. சீன தேசத்தின் கலங்களும் கிரந்தங்களும் மரியாதையுடன் வரவேற்கப்பட்ட பத்தாண்டுகளில், இங்கே உழைத்துக்கொண்டிருந்த சீனத் தொழிலாளியின் மனைவி மக்கள் கப்பலேற முடியாதிருந்தனர். வைட்டின் சேகரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த விபரீதத்தை என்னால் மறக்க இயலுவதில்லை.

அவருக்குச் சமகாலத்தவரும் ஒன்ராறியோவில் பிறந்தவருமான ஜேம்ஸ் மெல்லன் மென்சிஸ் வேறு ரகத்தவர். பிரெஸ்பிட்டேரியன் மிஷனரியாகிய இவர், ஷாங் வமிசத்து அரசர்கள் நிமித்தம் கேட்டு எழுத்துப் பொறித்த ஆமையோடுகளும் மாட்டெலும்புகளும் கிடைக்கும் நிலத்தை, 1914இல் அன்யாங் அருகே கண்டு, அவற்றை ஆயிரக்கணக்கில் திரட்டி, 1917இல் நூலும் வெளியிட்டார். சீனத்தின் பழம்பொருள்கள் சீனத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இருவருள் மென்சிஸையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

தற்காலச் சமுதாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; தங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தூரத்திலுள்ள அஜின்கோர்ட்டில் 1984இல் டிராகன் சென்டர் என்ற சீன வணிக வளாகம் எழுந்தபோது, வாகனம் நிறுத்துமிடத்தை முன்னிட்டுத் தொடங்கிய அயலாரின் முறைப்பாடு எவ்வாறு குடியேறியோர் மீதான துவேஷமாயிற்று என்று விசாரித்தாலே ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

நம் சம்பந்தமோ இவையனைத்துக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. 1015இல் சோழ நாட்டுத் தூதுக்குழு சோங் சக்கரவர்த்தியின் சபைக்குச் சென்றதைச் சீனச் சரித்திரங்கள் குறிக்கின்றன. சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுச் சிவாலயச் சாசனம் ஒன்று தமிழில் கிடைத்திருக்கிறது. இவற்றினும் விசேஷமானது, 1911இல் காலி நகரத்து மதகொன்றில் கவிழ்ந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள கல். கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தின்பொருட்டு 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீன தேசத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று பாஷைகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகளைச் சாற்றுகின்றன. ஒரே அரசாங்கம் மூன்று சன்னிதானங்களுக்கும் ஏறக்குறைய சமமாகவே கொடுத்தது எதனால் என்ற வினாவை, தமிழும் சிறிது சீனமும் அறிந்த ஒரு மாணவி எடுத்துக்கொள்வாளாயின், ஒரு பருவத்துக் கட்டுரைக்கு அந்த ஒரு கல்லே போதும்.