வாளை மீன் வயிற்றில் புழுவா?

ஆற்று வாளையை ஆயும்போது, உள்ளே இலை மாதிரி தட்டையாக ஒரு புழு தட்டுப்படுகிறதா? மீன் கெட்டுப்போச்சு என்று பதறாதீங்க. இது மீனின் காற்றுப்பையில் குடியிருக்கும் 'ஐசோபரார்க்கிஸ்' என்ற ஒட்டுண்ணி. குடலோடு காற்றுப்பையையும் எடுத்து, மீனை நன்றாக வேகவைத்தால் போதும்.

கண்ணுக்குச் சட்டென்று படாத புழுக்களிடம்தான் கவனம் தேவை. தாய்லாந்தில் கெளுத்தி, விரால் போன்ற நன்னீர் மீன்களின் சதைக்குள் 'நாத்தோஸ்டோமா' புழுவின் குஞ்சு சுருண்டு கிடப்பதுண்டு. வேகாத மீனோடு வயிற்றுக்குள் போனால், தோலுக்கடியில் ஊர்ந்து இடம் மாறி மாறி வீக்கம் தரும். அபூர்வமாகக் கண்ணையும் மூளையையும்கூடத் தாக்கும்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் செத்துடும்னு நம்பாதீங்க. சூடுதான் மருந்து. முள்ளை ஒட்டிய சதையும் வெள்ளையாகி உதிரும்வரை வேகட்டும். கத்தி, பலகையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். பச்சை மீனைப் பூனைக்குப் போடாதீங்க. இந்தப் புழு வளர்ந்து முட்டையிடுவது பூனை, நாய் வயிற்றில்தான்!