மகள் மெக்கானிக்கல் படிக்கலாமா?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நாயுடுபுரம் வீடுகளில் இந்தப் பேச்சு வரும். பையன் என்றால், "டிப்ளமோ மெக்கானிக்கல்ல சேத்துவிடு." பெண் என்றால், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இரும்பு வேலை?" இது சரியா என்று பார்ப்போம்.

மெக்கானிக்கல் என்றால் என்ன?

நம்மில் பலர் தையல் மெஷின் மிதிக்கிறோம். கால் பலகை முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு இணைந்த கம்பி கீழ்ச் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெல்ட் மேல் சக்கரத்தைச் சுற்றுகிறது. கீழ்ச் சக்கரம் 12 அங்குலம், மேல் சக்கரம் 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு சுற்றுக்கு மேலே 4 சுற்று. அந்தச் சுற்றுதான் ஊசியை ஏற்றி இறக்குகிறது. இதைக் கணக்காகவும் படமாகவும் கற்பதுதான் மெக்கானிக்கல்.

பட்டறையில் அரம் பிடிப்பது, வெல்டிங், லேத் எல்லாம் உண்டு. ஆனால் லேத்தைச் சுற்றுவது மோட்டார், நம் கை அல்ல. மைக்ரோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்க வேண்டும். இதற்குப் பலத்தைவிடக் கவனம்தான் வேண்டும். லேத் பக்கம் துப்பட்டா, வளையல் கூடாது. முடியை இறுகக் கட்ட வேண்டும்.

என்னென்ன வழிகள்?

* ஐ.டி.ஐ.: வெல்டர் 1 வருடம், 8ம் வகுப்பு தேறினால் போதும். ஃபிட்டர், டர்னர் 2 வருடம். 10ம் வகுப்பு தேற வேண்டும்.
* பாலிடெக்னிக் டிப்ளமோ: 10ம் வகுப்புக்குப் பின் 3 வருடம். 2 வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம்.
* டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம்.

ஆக, 10ம் வகுப்போடு கதவு மூடுவதில்லை.

பணத்துக்கு என்ன செய்வது?

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ல் தொடங்கியது. ஐ.டி.ஐ., டிப்ளமோ மாணவிகளும் அதில் அடக்கம். டிப்ளமோ மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மதிப்பெண் பார்த்துத் தேர்வு செய்வார்கள். இந்த வருட விதிகளைச் சேர்க்கையின்போதே கேளுங்கள்.

ஒரு தாயின் கதை

சென்னையைச் சேர்ந்த அ. லலிதாவுக்கு 1937ல் கணவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 18, கையில் 4 மாதக் குழந்தை. ஆனாலும் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்து, 1943ல் பட்டம் பெற்றார். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சியும் எடுத்தார். 80 வருடத்துக்கு முன்னாலேயே ஒரு தாயால் முடிந்திருக்கிறது.

சேர்க்கும் முன் கேளுங்கள்

பழனியில் பாலிடெக்னிக் இருக்கிறது. ஆனால் கொடைக்கானலிலிருந்து 64 கி.மீ. மலைப்பாதை, தினமும் போய்வர முடியாது. நம் பெண்களைத் தடுப்பது இரும்பு அல்ல, இந்தத் தூரம்தான். எனவே, பெண்கள் விடுதி உண்டா? அதன் கட்டணம் எவ்வளவு? வகுப்பில் எத்தனை பெண்கள்? கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா? படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள்? நேரில் போய், மகளையும் கூட்டிக்கொண்டு கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் இந்த வருடம் 10ம் வகுப்பு முடிக்கும் பெண்கள் யார் யார்?
2. விடுதிக் கட்டணத்துக்குக் குழுவின் உள்கடன் தர முடியுமா?
3. மகனுக்குச் செலவு செய்யும் அளவு மகள் படிப்புக்கும் செய்கிறோமா?