மரநாரும் பிளாஸ்டிக்கும்: வலிமை பிறக்கும் இடம்

மரத்திற்குப் பதிலாக மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. மர அறுவை ஆலைகளில் எஞ்சும் தூளையும் நாரையும், உருக்கிய பிளாஸ்டிக்குடன் கலந்து பலகையாக்குவது அத்தகைய முயற்சியாகும். கட்டட வேலை பெருகியுள்ள ஐதராபாத் போன்ற நகரங்களில் கதவுக்கும் தடுப்புக்கும் இப்பலகை வாங்கப்படுகிறது.

எனினும், கலந்த மாத்திரத்தில் வலிமை வந்துவிடுவதில்லை. மரநார் நீரை ஈர்க்கும் இயல்புடையது. பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் நீரை விலக்குவது. எனவே இவ்விரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றுவதில்லை. பளு ஏறும்போது பிளாஸ்டிக் அதனை நாருக்கு முழுமையாகக் கடத்தாது. நார் உருவிக்கொண்டு வந்துவிடும். பலகையின் விறைப்பு கூடினும் இழுவலிமை கூடாமைக்கு இதுவே காரணமாகும்.

இக்குறையை நீக்குவது இணைப்புப் பொருள். மலேயிக் அன்ஹைட்ரைடு சேர்த்த பாலிபுரொப்பிலீன் பெரிதும் கையாளப்படுகிறது. அதன் அன்ஹைட்ரைடு பகுதி நாரிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளுடன் வினைபுரிகிறது. நீண்ட சங்கிலியோ பிளாஸ்டிக்குடன் பின்னிக்கொள்கிறது. மொத்த எடையில் சில விழுக்காடே போதுமானது. பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், இந்திய அறிவியல் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், ஐசோசயனேட் தொகுதி கொண்ட இணைப்புப் பொருளாலும் இழுவலிமையும் வளைவலிமையும் உயர்வதை 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

செய்முறையிலும் கவனம் வேண்டும். நாரை முன்னதாக நன்கு உலர்த்தாவிடில், ஈரம் ஆவியாகிப் பலகையில் நுண்துளைகளை உண்டாக்கும். வெப்பம் சுமார் 200 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மரம் கருகத் தொடங்கும். கலக்கும்போது நார் மிகவும் நொறுங்கினால் பளு தாங்கும் பயன் குறையும்.

இணைப்புப் பொருள் சேர்த்த பலகையும் சேர்க்காத பலகையும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே கொள்முதல் செய்யும் அலுவலர், விலைப்புள்ளியை மட்டும் ஒப்பிடுதல் போதாது. இழுவலிமை, வளைவலிமை, நீர் உறிஞ்சும் அளவு ஆகியவற்றுக்கான சோதனைச் சான்றையும் கோருதல் வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களைச் சோதிக்கும் சிப்பெட் நிறுவனத்தின் மையம் ஐதராபாத்திலேயே உள்ளது. தொடர்ந்த பளுவில் இப்பலகை மெல்லத் தொய்யுமாதலால், உத்தரத்திற்கு இதனைப் பயன்படுத்தலாகாது.

கழிவிலிருந்து செய்த கதவு சில ஆண்டுகளிலேயே மீண்டும் கழிவாகுமெனில், காட்டுக்கும் சேமிப்பில்லை, கருவூலத்திற்கும் சேமிப்பில்லை.