சுழலும் பந்தும் மணிக்கட்டும்

உள்ளங்கையில் அடங்கும் சிறிய நெகிழிப் பந்து. அதனுள் மின்கலம் இல்லை; மோட்டாரும் இல்லை. ஆயினும், முறையாகச் சுழற்றினால் கையே நடுங்கும் அளவுக்கு அது நம்மை எதிர்க்கும். மணிக்கட்டையும் முன்கையையும் வலுப்படுத்த உதவும் இந்த ஜைரோஸ்கோப் பந்துக்கு அமெரிக்கரான ஆர்ச்சி மிஷ்லர் 1973ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். வேகமாகச் சுழலும் பம்பரம் சாய்ந்தாலும் உடனே விழுவதில்லை. அதன் அச்சு மெல்ல வட்டமிடும். கிளந்தான் மாநிலத்தில் சுழற்றப்படும் ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள காசிங், ஒரு மணி நேரத்திற்கும் மேல் நின்று சுழலக்கூடியது. நம் பந்துக்குள் இருக்கும் கனமான சுழலியும் ஒரு பம்பரமே. அதன் அச்சின் இரு முனைகளும் பந்தின் உட்புறத்தில் வட்டமாக அமைந்த பள்ளத்தில் பொருந்தியுள்ளன. பள்ளம் அச்சைவிடச் சற்றே அகலமானது. சூட்சுமம் அந்தச் சிறிய இடைவெளியில்தான் இருக்கிறது.

நூலை இழுத்தோ பெருவிரலால் தள்ளியோ முதலில் சுழலியை ஓடவிட வேண்டும். பிறகு மணிக்கட்டைச் சாய்த்தால், அச்சின் ஒரு முனை பள்ளத்தின் மேல்விளிம்பையும் மறுமுனை கீழ்விளிம்பையும் அழுத்தும். உராய்வினால் அச்சு விளிம்பைப் பற்றி உருளும். அது உருள உருளச் சுழலியின் வேகம் கூடும். அந்த ஓட்டத்தின் தாளத்தோடு மணிக்கட்டையும் வட்டமாகச் சுற்றினால், சுழலி நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழலும். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். பந்து நன்றாகச் சுழலட்டும் என்று சிலர் பள்ளத்தில் எண்ணெய் விடுவதுண்டு. அச்சு வழுக்கிவிடும், பிறகு பந்து வேகம் எடுக்காது.

இதில் உழைப்பவை எந்தத் தசைகள்? ஒரு கையால் மறுகையின் முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். தசை அசைவது முன்கையில் தெரியும். அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. தசை விரைவில் வலுப்பெறும். தசைநாண் மெதுவாகத்தான் பழகும். இதை நான் தாமதமாகவே அறிந்தேன். பந்தை வாங்கிய அன்றே, வேகத்தில் மயங்கி அரை மணி நேரம் சுழற்றினேன். மறுநாள் காலையில் போத்தல் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. நான்கு நாள்கள் இடக்கையால் எழுத முயன்று, என் கையெழுத்தை நானே படிக்க முடியாமல் தவித்தேன்.

ஆகவே, தொடக்கத்தில் ஒரு கைக்கு இரண்டு நிமிடம் போதும். வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் மாற்றிச் சுற்றுங்கள்; ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். சோர்வு வேறு, வலி வேறு. வலித்தால் நிறுத்திவிடுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை அடிக்கடி மரத்துப்போனால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவது காரணமாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். பூப்பந்து மட்டையை இறுகப் பிடிப்போர் பலர் இந்தப் பந்தை விரும்புகின்றனர். ஆனால், பந்தையும் இறுகத்தான் பிடிக்கிறோம். விரல்களை விரிக்கும் தசைகளுக்கும் வேலை வேண்டுமல்லவா? அதற்கு ஐந்து விரல்களையும் சுற்றி ஓர் இரப்பர் வளையத்தை மாட்டி, மெல்ல விரித்து மூடினால் போதும். என் மேசை இழுப்பறையில் இப்போது பந்தின் பக்கத்திலேயே அந்த வளையமும் கிடக்கிறது.