ஆட்டுக்கும் பூனைக்கும் வைத்தியச் செலவு: எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை பள்ளிக் கட்டணம், டயாலிசிஸ், வாடகை பாக்கி பற்றியவை. இடையிடையே ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கவும் பணம் கேட்டுச் சகோதரிகள் வருகிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. கணவரை இழந்த ஒரு தாய் வளர்க்கும் இரண்டு கிடாய்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்று மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கான சேமிப்பு. அது வங்கியில் இல்லை, கொல்லையில் கட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மனுக்களைப் படித்தால் ஒன்று புரிகிறது. பணம் கரைவது நோயால் அல்ல, தாமதத்தால். முதல் இரண்டு நாள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை. மூன்றாம் நாள் யாரோ சொன்ன ஊசி. நான்காம் நாள் ஆடு எழவில்லை என்றதும் வாடகை வண்டி, குளுக்கோஸ், அலைச்சல். முதல் நாளே அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போயிருந்தால் பெரும்பாலும் பஸ் கட்டணத்தோடு முடிந்திருக்கும்.

இந்த விஷயத்தில் நம் பகுதி கொடுத்து வைத்தது. நாமக்கல் மோகனூர் சாலையில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சேலம் மாவட்டத்தில் தலைவாசலிலும் இப்போது ஒரு கல்லூரி உண்டு. மாணவர்கள் படிக்கும் இடம் என்று தயங்க வேண்டாம். பேராசிரியர்கள் முன்னிலையில்தான் சிகிச்சை நடக்கிறது, கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. ஆனால் சாதாரணக் கழிச்சலுக்கு நாமக்கல் வரை போக வேண்டியதில்லை. பக்கத்து மருந்தகம் போதும். அங்கே முடியாததை அவர்களே கல்லூரிக்கு எழுதித் தருவார்கள். ஆட்டைத் தூக்கிச் செல்ல வழியில்லாதவர்கள் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து, நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருமா என்று கேட்கலாம்.

நம் வீடுகளில் ஆடு நோயில் விழ முக்கியக் காரணம் ஒன்று உண்டு. அது வலீமா சோறு. விருந்தில் மிஞ்சிய பிரியாணியை வீணாக்கக் கூடாதென்று அண்டாவோடு ஆட்டின் முன் வைக்கிறோம். பெருநாளுக்கு முன் கிடாயைத் தேற்றுவதற்காகக் கஞ்சியும் அரிசியும் கொட்டுகிறவர்களும் உண்டு. ஆட்டின் வயிறு தழைக்கும் தட்டுக்கும் பழகியது. ஒரேயடியாகச் சோறு போனால் அது வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நிற்கும், இடப்பக்க வயிறு உப்பும், புளித்த வாடையோடு தண்ணீராய்க் கழியும், பிறகு படுத்துவிடும். நல்ல தேகமுள்ள கிடாய் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போவது இப்படித்தான். மிச்சச் சோற்றை அக்கம்பக்கத்தில் பகிர்ந்து கொடுங்கள். ஆட்டுக்கு முதலில் கடலைக்கொடியோ சோளத்தட்டோ வைத்துவிட்டு, சோறு ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். வயிறு உப்பிய ஆட்டைப் படுக்க வைத்து வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் பிறகு மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு அரசு போடும் தடுப்பூசி, ஒருமுறை போட்டால் சுமார் மூன்று ஆண்டு காக்கும். துள்ளுமாரிக்கு மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குடற்புழு மருந்தைக் கண்ணளவில் ஊற்றாமல், காலையில் விழுந்த புழுக்கையைச் சின்ன டப்பாவில் மருந்தகத்துக்குக் கொண்டுபோனால், என்ன புழு, எந்த மருந்து, எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்கள். தவறான மருந்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம். நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் நடக்கும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமைத் தவற விடாதீர்கள்.

குர்பானிக்கு வைத்திருக்கும் ஆட்டுக்கு ஊசி போட்டால், எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து இறைச்சியில் சில நாள் தங்கும். அந்த இறைச்சியைத்தான் நாம் ஏழைகளுக்குப் பங்கு வைக்கிறோம்.

இனி பூனை. பிள்ளைகள் பிரியமாய் வளர்க்கிறார்கள், நோய் வந்து செலவு கூடியதும் பெரியவர்கள் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுகிறார்கள். பூனையை அடைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை மதரஸாவில் படிக்காதவர் நம்மில் யார்?

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. மனிதர் உடலைப்போல அதை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைமேல் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு நஞ்சு. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுப்பதும் வீண் செலவுதான். பூனை உடம்பை நக்கும்போது தெள்ளையும் விழுங்குகிறது, நாடாப்புழு அதன் வழியாகவே திரும்ப வருகிறது. ஆண்டுக்கு இருமுறை குட்டிகள் பெருகிச் சமாளிக்க முடியாத வீடுகளுக்குக் கருத்தடை அறுவை ஒரு வழி. மார்க்கச் சட்டம் பற்றிக் கேள்வி இருந்தால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு பார்க்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. மற்றது வெறிநோய்த் தடுப்பூசி. பூனைக்கும் நாய்க்கும் மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் நாட்களில் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டிப் பல இடங்களில் இலவச முகாம் நடக்கும். பிள்ளைகளைக் கடித்தாலோ பிராண்டினாலோ குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வெளியில் வாங்க எழுதிக் கொடுத்த மருந்து விலை அதிகமென்றால், இதே மருந்து வேறு கம்பெனியில் குறைவாகக் கிடைக்குமா என்று மருத்துவரையே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அதற்கும் வசதி இல்லாதவர்கள், மருந்தகச் சீட்டோடு ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். பணம் கையில் தருவதில்லை, மருந்தாக வாங்கித் தருகிறோம். ஆடு படுத்த பிறகு வராமல், தீவனம் எடுக்காத அன்றே வாருங்கள்.